பூட்டாத கேமரா

நான் வாழ்நாள் முழுக்க நன்றி சொல்ல வேண்டிய ஒருவரின் முகத்தை இதுவரை பார்த்ததில்லை. குரலை மட்டும் கேட்டிருக்கிறேன். முதல் தடவை கேட்டபோது பேச்சைப் பாதியில் வெட்டி, அந்த நம்பரையும் தடுத்து வைத்தேன். இரண்டாம் தடவை கேட்டபோது அவரைப் பிடித்துக் கொடுக்கப் போலீசுக்கே போனேன்.

பெரம்பலூரில் துறையூர் சாலைப் பக்கம், வேலைக்குப் போகிற பெண்களுக்காக ஒரு விடுதி நடத்துகிறேன். திட்டம் போட்டு ஆரம்பித்த தொழில் இல்லை. பிள்ளைகள் படிப்பு, வேலை என்று வெளியூர் போன பிறகு மாடி சும்மாவே கிடந்தது. கணவருக்கு அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை. காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு பெண் அறை கேட்டு வந்தாள். அவள் கூட வேலை செய்கிறவளை அழைத்து வந்தாள், அவள் இன்னொருத்தியை அழைத்து வந்தாள். சமையலுக்கு ஒரு அக்காவை வைத்தேன். ஒருநாள் பார்த்தால் மாடி முழுக்கக் கட்டில்கள், கொடி முழுக்கச் சுடிதார்கள்.

விடுதிக்கு உரிமம் வாங்கப் போனபோது வாசலில் கேமரா இருக்க வேண்டும் என்றார்கள். மாட்ட வந்தவர் வாசலோடு நிற்கவில்லை. மாட்டுவதே மாட்டுகிறோம், கூடத்தில் ஒன்று, படிக்கட்டில் ஒன்று, மாடி நடையில் ஒன்று இருக்கட்டும், சுவரேறி எவனாவது வந்தால் தெரிய வேண்டுமே என்றார். சரியென்றுதான் பட்டது. என் ஃபோனிலும் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தார். ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் என் பிறந்த வீட்டுக்குப் போயிருக்கும்போது அதைத் திறந்து பார்ப்பேன். யார் சாப்பிட வந்தார்கள், யார் இன்னும் வரவில்லை, சமையல் அக்கா கூடத்தைக் கூட்டினாரா இல்லையா, எல்லாம் தெரியும். அது எனக்குப் பிடித்திருந்தது. எத்தனையோ வீட்டுப் பெண்களுக்குப் பொறுப்பேற்றிருக்கிறோம், கண்ணை மூடிக்கொண்டு இருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

மாடி நடையின் கடைசியில்தான் குளியலறைகள்.

முதல் ஃபோன் ஒரு முற்பகலில் வந்தது. பெண்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். திரையில் வெளிநாட்டு நம்பர். இப்படி வருகிற நம்பர்களைப் பற்றி விடுதிப் பெண்கள் எனக்குப் பாடமே நடத்தியிருந்தார்கள். பார்சலில் ஏதோ பிடிபட்டிருக்கிறது என்பான், கரண்ட்டை வெட்டப் போகிறோம் என்பான், போலீஸ் உடுப்பில் வீடியோவில் வருவான், எதுவானாலும் பேச்சுக் கொடுக்காமல் வைத்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். எடுத்தேன். ஒரு ஆண் குரல், நல்ல தமிழ். பெரம்பலூரில் லேடீஸ் ஹாஸ்டல் வைத்திருப்பவர்தானே என்று கேட்டு, உங்கள் கேமரா என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. வைத்துவிட்டு, பெண்கள் சொல்லிக் கொடுத்தபடியே நம்பரையும் தடுத்தேன். சாயங்காலம் அவர்களிடம் சொன்னபோது கைதட்டிப் பாராட்டினார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

மறுநாள் கூடத்தில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். வேறொரு நம்பரிலிருந்து அழைப்பு. அதே குரல். இந்தத் தடவை அவர் அவசரமாகப் பேசினார்.

"அக்கா, வச்சிடாதீங்க. நீங்க இப்ப கூடத்துல உக்காந்திருக்கீங்க. பச்சைப் புடவை. மடியில மொறம் இருக்கு. எனக்குத் தெரியுதுக்கா. எனக்கு மட்டும் இல்ல, யாருக்கு வேணும்னாலும் தெரியும்."

நான் தலையைத் தூக்கி மேலே பார்த்தேன். மூலையில் கேமரா அதன் பாட்டுக்கு இருந்தது. தினமும் பார்க்கிற பொருள்தான். அன்றைக்கு அது ஒரு ஆள் உட்கார்ந்து என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. முறம் சரிந்து உளுந்து தரை முழுக்கக் கொட்டியது. அவர் தொடர்ந்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். மெயினை நிறுத்துங்கள் என்று சொன்னாராம். அது எனக்குக் காதில் ஏறவே இல்லை. ஆனாலும் நானாகவே ஓடிப்போய் மெயினை நிறுத்தினேன். ஃபேன் நின்று வீடே அமைதியாகிவிட்டது.

அப்போதுதான் மாடி நடை ஞாபகம் வந்தது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, நைட்டி ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, அவசர அவசரமாக அறைக்கு ஓடும் பெண்கள். ஒருத்தி மறந்த சோப்புக்காக அரைகுறையாக வெளியே வந்து இன்னொருத்தியைக் கூப்பிடுவாள். வீடு என்ற நம்பிக்கையில்தானே அப்படி வருவார்கள். படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கணவருக்கு ஃபோன் செய்தேன். பதறாதே, சாயங்காலம் வந்து பார்க்கிறேன், அதற்குள் யாரிடமும் சொல்லாதே என்றார். சாயங்காலம் வரை எப்படி உட்கார்ந்திருப்பது? சமையல் அக்காவை வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து எஸ்.பி. ஆபீசுக்குப் போனேன். அங்கேதான் சைபர் கிரைம் பிரிவு இருந்தது. அதுவரை நான் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறியதில்லை.

என்னிடம் விசாரித்தவர் ஒரு பெண் சப் இன்ஸ்பெக்டர். என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். ஒருத்தன் எங்களை உளவு பார்க்கிறான், ஃபோன் செய்து மிரட்டுகிறான், உடனே பிடியுங்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, பணம் கேட்டானா என்றார். இல்லை. படம் ஏதாவது அனுப்பினானா? இல்லை. வெளியில் விட்டுவிடுவேன் என்றானா? அதுவும் இல்லை. அப்படியானால் என்னதான் சொன்னான் என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். அவர் என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. நான்தான் எதையும் காதில் வாங்கவே இல்லையே.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்தார். "வாங்கம்மா, மொதல்ல கேமராவைப் பார்த்துடலாம். ஆளை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்.

ஜீப்பில் வந்து இறங்கியபோது கூடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கறுப்பு புர்கா, மடியில் ஒரு கைப்பை. என்னைப் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னதால் சமையல் அக்கா உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்திருந்தார். நானும் அறை கேட்டு வந்தவள் என்றுதான் நினைத்தேன். பின்னால் வந்த காக்கி உடுப்பைப் பார்த்ததும் அவள் சட்டென்று எழுந்து நின்றாள். யாரும் கேட்காமலே பேசத் தொடங்கினாள்.

"எங்க வூட்டுக்காரருதான் அனுப்பினாங்க. லப்பைக்குடிக்காட்டுலேர்ந்து வரேன். நேத்து ஃபோன் பண்ணினதும் அவங்கதான். நீங்க எடுத்துட்டு வச்சிட்டீங்களாம். நம்ப மாட்டேங்கிறாங்க, நீ நேர்ல போயி சொல்லிட்டு வந்துடுன்னாங்க. வேற ஒண்ணும் இல்லைங்க."

சப் இன்ஸ்பெக்டர் அவளை உட்காரச் சொல்லி, தானும் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு அவள் ஃபோனிலிருந்தே அந்த மனிதரைக் கூப்பிட்டு, எங்களுக்கும் கேட்கும்படி வைத்தார்.

அவர் வளைகுடாவில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை செய்கிறவர். அவர்கள் கம்பெனிக் கேமராக்கள் வெளியாட்களுக்குத் தெரிகிறதா என்று பார்ப்பதும் அவர் வேலையில் சேர்ந்தது. பூட்டாமல் விட்ட கேமராக்களை எல்லாம் தேடிச் சேர்த்துக் காட்டுகிற ஒரு பக்கம் இணையத்தில் இருக்கிறதாம். அதில் ஊர் வாரியாகவும் பார்க்கலாமாம். தன் வேலை முடிந்ததும், நம் ஊர்ப் பக்கம் என்ன தெரிகிறது என்று சும்மா பார்த்திருக்கிறார். யாருக்கும் தோன்றுவதுதான். ஏதோ ஒரு கடை, ஒரு நெல் குடோன், அதற்கடுத்து எங்கள் கூடம். சுவரில் சாப்பாட்டு நேரம், கேட் மூடும் நேரம் எழுதிய பலகை. தமிழ் எழுத்தைப் பார்த்ததும் நின்றிருக்கிறார். மேலே விடுதியின் பெயரும் ஊரும், கீழே பெரிய எழுத்தில் என் நம்பர்.

நம்பரைக் குறித்துக்கொண்டு உடனே மூடிவிட்டதாகச் சொன்னார். இரண்டாம் தடவை திறந்தது, நான் நம்ப வேண்டும் என்பதற்காக மட்டும்தான் என்றார். பார்த்ததே குற்றமாகிவிடுமோ, ஊருக்கு வரும்போது ஏர்போர்ட்டில் பிடித்துவிடுவார்களோ என்றெல்லாம் பயந்திருக்கிறார். பயந்தும் விடவில்லை. நான் தடுத்து வைத்த பிறகு இன்னொருவரிடம் ஃபோனை வாங்கிக் கூப்பிட்டார். அதற்கு முன்பே மனைவியையும் பஸ் ஏறச் சொல்லிவிட்டார்.

சப் இன்ஸ்பெக்டர் அவரிடம் சொன்னதை நான் அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன். "நீங்க பயப்படாதீங்க தம்பி. பார்த்துட்டுப் பேசாம போனவங்க எத்தனை பேரோ. நீங்க ஒருத்தர்தான் கூப்பிட்டுச் சொல்லியிருக்கீங்க. அந்தப் பக்கத்தோட விவரத்தை எனக்கு அனுப்பிட்டு, இனிமே அதைத் திறக்காதீங்க."

பிறகு ஃபோனை என்னிடம் நீட்டினார். என்ன பேசுவது என்று தெரியவில்லை. இந்த மனிதரைக் கைது செய்யச் சொல்லிக் கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் கத்திவிட்டு வந்திருந்தேன். நன்றி என்ற வார்த்தை வாயில் வரவில்லை. "சாப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்டேன். "இனிமேத்தான்க்கா" என்றார்.

அவர் மனைவியைச் சாப்பிடாமல் போக விடவில்லை. மெயினைப் போடச் சப் இன்ஸ்பெக்டர் இன்னும் அனுமதிக்கவில்லை. விசிறி இல்லாத கூடத்தில் மூன்று பேரும் வியர்த்துக்கொண்டு சாம்பாரும் அவரைக்காய்ப் பொரியலும் சாப்பிட்டோம். அந்தப் பெண் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி, விடுதிப் பெயரைச் சொல்லி நாலைந்து இடத்தில் விசாரித்து வந்திருக்கிறாள். வழியில் ஒருவர் அவளை வேறு ஹாஸ்டலுக்கு அனுப்பிவிட்டாராம். இவ்வளவு அலைந்து வர வேண்டுமா என்று கேட்டேன். தன் நாத்தனார் மகளும் திருச்சியில் ஒரு ஹாஸ்டலில் இருக்கிறாள் என்றாள். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, புடவை நிறத்தைச் சொன்னதற்குக் கணவர் மன்னிப்புக் கேட்கச் சொன்னதாகச் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கேமரா மாட்டியவரை அன்று சாயங்காலமே வரவழைத்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. வேலையைச் சீக்கிரம் முடிக்கப் பார்த்தவர், அவ்வளவுதான். பெட்டியோடு வருகிற பாஸ்வேர்டையே விட்டுவைத்திருந்தார். அது அந்தக் கம்பெனிக் கேமரா எல்லாவற்றுக்கும் ஒன்றுதானாம். நான் வெளியூரிலிருந்து ஃபோனில் பார்க்க வேண்டும் என்பதற்காக வெளிப்பக்கமும் திறந்து வைத்திருந்தார். ஊருக்கெல்லாம் ஒரே சாவி, கதவும் திறந்தே கிடக்கிறது என்று சப் இன்ஸ்பெக்டர் எனக்குப் புரியும்படி சொன்னார். இவர் வேறு எங்கெல்லாம் மாட்டினாரோ அத்தனை இடத்துக்கும் கூடவே ஒரு காவலரை அனுப்பிச் சரி செய்ய வைத்தார்கள். ஒரு பள்ளிக்கூடம், ஒரு நகைக்கடை, ஒரு மண்டபம் என்று கேள்விப்பட்டேன். எங்கள் கூடம் தெரிந்த அந்தப் பக்கத்தை எடுக்கச் சொல்லியும் எழுதினார்கள். சில நாட்களில் அங்கே வெறும் கறுப்புக் கட்டம்தான் இருக்கிறது என்று சொன்னார்கள்.

யார் யார் பார்த்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா என்று சப் இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. முடிந்தவரை முயற்சி செய்கிறோம், ஆனால் தெரியும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது என்றார். அடுத்ததாக அவர் சொன்னதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தப் பெண்களிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார். தகவல் பாதுகாப்புக்கென்று சட்டம் வந்திருக்கிறது, முழுசாக நடைமுறைக்கு வர நாளாகும், ஆனால் யாருடைய விவரம் உங்கள் கையிலிருந்து வெளியே போனதோ அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான் அதில் முக்கியம் என்றார். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், உங்கள் மகள் இன்னொரு ஊர் ஹாஸ்டலில் இருந்தால் சொல்ல வேண்டும் என்று நினைப்பீர்களா மாட்டீர்களா என்றும் கேட்டார்.

கணவருக்கு அதில் இஷ்டமில்லை. சரி செய்தாகிவிட்டது, இனி ஏன் வெளியே விட வேண்டும், ஊருக்குள் பேர் கெட்டால் ஒரு பெண்கூட வரமாட்டாள் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நானும் ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்கவில்லை. ஆனால் காலையில் பெண்கள் குளித்துவிட்டு ஈரத் தலையோடு காபிக்கு வந்து நிற்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்று சாயங்காலம் எல்லோரையும் கூடத்தில் உட்காரச் சொன்னேன்.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். கேமரா பூட்டப்படாமல் இருந்தது. இணையத்தில் யாரும் பார்க்கிற மாதிரி இருந்தது. மாடி நடையும்தான். இப்போது நிறுத்தியாகிவிட்டது. வங்கியில் வேலை செய்யும் பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"எவ்வளவு நாளாம்மா?"

"மாட்டின நாள்லேர்ந்துன்னுதான் நெனைக்கணும்மா. கொறைச்சுச் சொல்ல எனக்கு வாய் வரல."

ஒருத்தி எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். இன்னொருத்தி அழுதாள். யாராவது என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர்கள் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் தாங்க முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வங்கிப் பெண்ணே, அந்தச் சப் இன்ஸ்பெக்டரிடம் நாங்களும் பேச வேண்டும் என்றாள். மறுநாளே அவர் வந்தார். என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு வெகுநேரம் அவர்களோடு பேசினார். யாருடைய படமாவது எங்காவது வந்தால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது, வீட்டில் எப்படிச் சொல்வது என்று ஒவ்வொருத்தியும் கேட்டதற்குப் பதில் சொன்னாராம். இன்றுவரை அப்படி எதுவும் வரவில்லை. தெய்வத்தின் புண்ணியம்.

ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்த பெண்ணின் அப்பா திருமானூரிலிருந்து வந்தார். கரும்பு விவசாயி. பெண் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் இதைக்கூடக் கவனிக்காமல் என்ன விடுதி நடத்துகிறீர்கள் என்று வாசலில் நின்றே கேட்டார். அவர் மகளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். வேறு இரண்டு பேரும் அந்த மாதமே காலி செய்தார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். ஏன் இருந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்கப் பயம்.

மழைக்காலம் முடிந்த சமயம் அந்த நர்ஸ் பெண்ணின் அப்பாவிடமிருந்து ஃபோன் வந்தது. தினமும் திருமானூரிலிருந்து வந்து போவதில் மகள் இளைத்துவிட்டாளாம், கட்டில் காலியாக இருக்கிறதா என்று கேட்டார். அவரே கூட்டி வந்தார். நேராக மாடிக்குப் போய் நடையைப் பார்த்தார். கேமரா இருந்த இடத்தில் ஆணி அடித்த ஓட்டைகள் மட்டும் இருந்தன. அதில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் சிமெண்ட் வைத்துப் பூசிவிடுங்கள் என்றார். கீழே வந்து காபி குடிக்கும்போதுதான் பேசினார்.

"அன்னைக்குக் கோவத்துல பேசிட்டேங்க. நீங்களாச்சும் சொன்னீங்க. சொல்லாத எடத்துல என்னா நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்."

அந்தச் சப் இன்ஸ்பெக்டர் இப்போது வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். போகும் முன் விடுதிக்கு வந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார். லப்பைக்குடிக்காட்டுப் பெண் ரம்ஜான் நோன்பு மாதத்தில் தூக்குவாளி நிறைய நோன்புக் கஞ்சியோடு வந்தாள். பொங்கலுக்கு நான் கரும்பும் கொத்து மஞ்சளும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்வந்தேன். அவள் கணவர் அடுத்த விடுமுறையில் வரும்போது இங்கே சாப்பிட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

எங்கே கேமரா இருக்கலாம் என்பதைப் பெண்களையே முடிவு செய்யச் சொன்னேன். வாசலில் ஒன்று போதும், அதுவும் கேட்டைப் பார்த்தபடி இருக்கட்டும் என்றார்கள். பாஸ்வேர்டை வங்கிப் பெண் போட்டாள். அதைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு பேர் சேர்ந்துதான் பார்ப்பது என்று அவர்களே ஒரு ஏற்பாடும் செய்துகொண்டார்கள். என் ஃபோனிலிருந்த ஆப்பை நானே எடுத்துவிட்டேன். முதல் சில வாரம் ஊருக்குப் போனபோதெல்லாம் கை அதைத் தேடியது. இப்போது ஃபோன் செய்து, சாப்பிட்டீர்களா என்று கேட்கிறேன். ஆளாளுக்கு ஃபோனைப் பிடுங்கிப் பேசுகிறார்கள்.

கூடத்துக் கேமராவை எடுத்த பிறகு ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். அதற்கு முன் அவர்கள் நாற்காலியில் நேராக உட்கார்ந்து, சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டு மேலே போவார்கள். நல்ல பெண்கள், அடக்கமான பெண்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையில் வட்டமாக உட்காருகிறார்கள். தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு, காலை நீட்டிக்கொண்டு, ஒருத்தி தட்டிலிருந்து இன்னொருத்தி எடுத்துச் சாப்பிடுகிறாள். தா.பழூர்ப் பெண் ஒருத்தி ஆபீசில் தன் மேனேஜர் பேசுவதுபோலப் பேசிக் காட்டுவாள். சமையல் அக்கா கரண்டியோடு நின்று சிரிப்பார். நானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்துகொள்கிறேன்.